ஆறு சிலிண்டரும் ஒரு நேர்கோடும்

சாமளாபுரம் குளக்கரையில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடுவதுண்டு. நூல் பேசக் கூடி, நூல் விலையில் பேச்சு முடிவது இவ்வூருக்கே உரிய சிலேடை. எங்களுள் ஒருவர் விசைத்தறி வைத்திருக்கிறார், ஒருவர் சைசிங் ஆலையில் கணக்கெழுதுகிறார், இருவர் ஆசிரியர்கள். சில வாரங்களுக்கு முன்பு, நண்பரின் மகன் கைப்பேசியில் ஒரு படத்துணுக்கைக் காட்டினான். அமெரிக்காவில் எங்கோ ஒரு பந்தயத் தளம். துருப்பிடித்த நிறத்தில் ஒரு பழைய ஷெவர்லே வண்டி புகையைக் கிளப்பிக்கொண்டு நேர்கோட்டில் பாய்கிறது. அவ்வளவுதான் காட்சி.

அருகில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்தார். கரணம்பேட்டைப் பக்கம் ஐம்பது ஆண்டுகள் லாரிப் பட்டறை நடத்தி ஓய்ந்தவர். படத்தை அவர் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டார்.

“தம்பி, அது ஆறு சிலிண்டருங்க. பெட்ரோல்ல ஓடுது. ஆனா நம்ம லாரி சத்தம்தான்.”

பையன் வியந்து போனான். அவர் சொன்னது முற்றிலும் சரி. அந்த வண்டியில் இருந்தது வரிசையாக ஆறு சிலிண்டர்களைக் கொண்ட எஞ்சின். அதுவும் லாரிக்கென்றே பெரும்பாலும் பயன்பட்ட எஞ்சின். அன்று மாலை இலக்கியம் பேசப்படவில்லை. அப்போது தொடங்கிய வாதம் இன்னும் எங்களுக்குள் முடியவும் இல்லை. அதிலிருந்து நாங்கள் வந்தடைந்த கருத்தையே இங்கு முன்வைக்கிறோம். மோட்டார் பந்தயத்துக்கும் எழுத்து வாசிப்பவர்களுக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கக்கூடும். பொறுமையோடு இறுதிவரை வர வேண்டுகிறோம்.

முதலில் இந்தப் பந்தயம் எத்தகையது என்று பார்ப்போம். டிராக் பந்தயம் என்பது வளைவே இல்லாத ஓட்டம். இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். விளக்கு பச்சையானதும் புறப்பட்டு, கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தை யார் முதலில் கடக்கிறார் என்பதே போட்டி. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கலிஃபோர்னியாவில் இது ஒழுங்கு பெற்றது. 1950-ல் சாந்தா ஆனா விமானத் தளத்தில் கட்டணம் வாங்கி நடத்தத் தொடங்கினார்கள். 1951-ல் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன் என்ற அமைப்பு தோன்றியது. தெருக்களில் நள்ளிரவில் ஓட்டி மடிந்துகொண்டிருந்த இளைஞர்களைத் தெருவிலிருந்து தளத்துக்கு அழைத்து வருவதே அதன் தொடக்ககால நோக்கம்.

இதைக் கேட்டு அயல்நாட்டுக் கூத்து என்று ஒதுக்குவோர், கொங்கு நாட்டு ரேக்ளாவை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி வட்டாரங்களில் ரேக்ளா நேர்கோட்டில்தான் ஓடுகிறது. வினாடிக் கணக்கில்தான் வெற்றி தீர்மானிக்கப்படுகிறது. தூரம் இரண்டே: 200 மீட்டர், 300 மீட்டர். டிராக் பந்தயத்தில் கால் மைல் தவிர வேறு இரு தூரங்களும் வழக்கில் உள்ளன. ஒன்று எட்டிலொரு மைல், 201 மீட்டர். மற்றொன்று 1,000 அடி, 305 மீட்டர். 2008-ல் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் விபத்தில் இறந்த பின், அதிவேக வண்டிகளுக்குக் கால் மைல் ஆபத்தென்று கண்டு சுருக்கிய தூரம் அது. எட்டாயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்தவர்களும் நம் காளை வளர்ப்போரும் ஒருவரையொருவர் அறியாமலேயே ஏறத்தாழ ஒரே அளவுக்கு வந்து நின்றிருக்கிறார்கள். உயிரோ எந்திரமோ, முழு மூச்சில் ஓடிக் காட்டவும் ஓடிய பின் பத்திரமாக நிற்கவும் ஏற்ற தூரம் இதுதான் போலும்.

தூரத்தைக் காட்டிலும் முக்கியமான ஒற்றுமை ஒன்றுண்டு. எல்லாக் காளைகளையும் ஒன்றாக ஓடவிடும் வழக்கம் நம்மிடம் இல்லை. ரேக்ளாவில் காளையின் பல்லைப் பார்த்துப் பிரிவு சொல்வார்கள். தென்மாவட்ட மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று அளவுக்கேற்பப் பிரிவுகள் உண்டு. தூரமும் பரிசும் தனித்தனி. பூஞ்சிட்டுப் பிரிவில் வென்ற சிறுமாட்டைப் பெரிய மாட்டிடம் தோற்றிருக்கும் என்று எவரும் எள்ளுவதில்லை. தன் பிரிவில் அது முதல் மாடு. அந்த மரியாதை முழுமையானது.

இப்போது ஆறு சிலிண்டருக்கு வருவோம். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் இவ்வமைப்பு எந்திரவியலின் இயல்பான அழகுகளுள் ஒன்று. கிராங்க் ஷாஃப்டின் முழங்கைகள் 120 பாகை இடைவெளியில் அமைந்திருப்பதால், ஒரு பிஸ்டனின் ஏற்றத்தை மற்றொன்றின் இறக்கம் ஈடுகட்டிவிடும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் மிச்சப்படும் அந்த நடுக்கம் இதில் பெரும்பாலும் இல்லை. ‘ஒண்ணு அஞ்சு மூணு ஆறு ரெண்டு நாலு’ என்று பெரியவர் விரல்விட்டுச் சொன்னது, சிலிண்டர்கள் பற்றி எரியும் முறை. தாளக்கட்டைப் போல அது அவர் நாவில் நின்றது. இந்த ஒழுங்கினால்தான் அசோக் லேலண்ட் காமெட் முதல் டாட்டா பென்ஸ் வரை நம் சாலைகளின் சுமையை ஆறு சிலிண்டர்கள் இழுத்தன. இவ்வூரின் பாவு நூலும் காடாத் துணியும் வெளியூர் போய்ச் சேர்ந்தது அந்தச் சத்தத்தில்தான். பெரியவர் தொழில் பழகிய காலத்தில் பழைய பெட்ரோல் லாரிகளில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினை மாற்றிப் பொருத்துவார்களாம். எடுத்ததும் ஆறு, வைத்ததும் ஆறு.

அமெரிக்காவில் ஷெவர்லே நிறுவனம் 1929-ல் ஆறு சிலிண்டர் வண்டியை நான்கு சிலிண்டர் விலைக்கே தருவதாகச் சொல்லி எளியவர்களிடம் கொண்டு சேர்த்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1955-ல், அதே நிறுவனம் சிறிய வி8 எஞ்சினை வெளியிட்டது. குட்டையானது, இலேசானது, மலிவானது. பந்தயக்காரர்கள் அதன் பக்கம் சாய்ந்தார்கள். நீண்ட கிராங்க் அதிவேகத்தில் முறுக்கிக்கொண்டு அதிரும் என்பதும், இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரே வழியில் காற்றைப் பங்கிட்டுக்கொள்வதால் மூச்சு முட்டும் என்பதும் ஆறு சிலிண்டரின் மெய்யான குறைகள். ஆற்றலையும் விலையையும் மட்டும் எண்ணினால் அதற்கு அன்றே கதவடைத்திருக்க வேண்டும்.

அடைக்காமல் காத்தது பிரிவு முறைதான். பழைய ‘மாடிஃபைடு’ பிரிவுகளின் கணக்கு மிக எளிது. வண்டியின் எடையை எஞ்சினின் கொள்ளளவால் வகுக்க வேண்டும். வரும் எண்ணே வண்டியின் இடத்தைச் சொல்லும். 1963-ல் வந்த 292 கன அங்குல லாரி எஞ்சினை 2,920 ராத்தல் வண்டியில் வைத்தால் எண் 10. அதே எடை வண்டியில் 365 கன அங்குல எஞ்சின் இருந்தால் எண் 8. அது வேறு பிரிவு. பிரிவுகளின் எழுத்து வரிசையில் கீழே இறங்க இறங்கச் சிறிய எஞ்சின்கள் தமக்குரிய இடத்தைக் கண்டன. வெவ்வேறு பிரிவு வண்டிகள் எதிரெதிரே நின்றால், மெதுவான வண்டிக்கு விளக்கு முன்னதாகப் பச்சையாகும். 1963-ல் வந்த ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்னும் விளக்குக் கம்பம் இதைத் துல்லியமாக்கியது. பெரியவன் சிறியவனைத் துரத்திப் பிடிக்க வேண்டும். சிறியவன் தன் முழு வல்லமையையும் காட்டினால் பெரியவனால் பிடிக்க முடியாமலும் போகலாம்.

இந்த ஏற்பாடு விளைவித்தது வெறும் கோப்பைகளை அல்ல. மூச்சு முட்டிய எஞ்சினுக்குக் காற்று வழி தேடிப் பட்டறைகள் மூளையைக் கசக்கின. வேய்ன் ஹார்னிங் என்பவர், பன்னிரண்டு சிலிண்டர் வழிகள் தனித்தனியே அமைந்த ஹெட் ஒன்றை ஷெவர்லே ஆறுக்கென வார்த்தெடுத்தார். ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு புறம் தனக்கென மூச்செடுத்து மறுபுறம் விட்டது. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய லாரி எஞ்சினை வைத்துக்கொண்டு, கோப்பு எழுதாமல், கல்லூரி வாசல் மிதிக்காமல், ஒரு தலைமுறை எந்திரவியல் கற்றது. போட்டியில் அதற்கும் ஓர் இடம் இருந்ததால் கற்றது. இடமில்லாத கலையை யார் கற்பார்கள்?

1981-ஆம் ஆண்டுப் போட்டிகளோடு அந்த மாடிஃபைடு பிரிவுத் தொகுதி முடிவுக்கு வந்தது. அங்கிருந்த வண்டிகள் வேறு தொகுதியில் சேர்க்கப்பட்டன. பிரிவுகள் மிகுந்தால் யார் வென்றார் என்பது பார்வையாளனுக்கு விளங்காது என்ற வாதத்தை நாங்கள் மறுக்கவில்லை. காட்சியை விற்பவனுக்கு ஒற்றை வெற்றியாளன் வசதியானவன். ஆனால் காலம் ஒரு வேடிக்கை செய்தது. 1990களில் டொயோட்டா சுப்ராவில் வந்த மூன்று லிட்டர், வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின் இன்று உலகெங்கும் டிராக் தளங்களில் பெரும் ஆற்றலைத் தாங்கும் எஞ்சினாகக் கொண்டாடப்படுகிறது. முடிந்துபோன அமைப்பென்று கருதப்பட்டதில் முடியாத வலு எஞ்சியிருந்தது.

நம் நாட்டிலும் இக்கதைக்கு ஒரு கிளை உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உலகப்போர்க்கால ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. அது வளைவுகள் உள்ள ஓட்டம், டிராக் அல்ல. ஆனால் அங்கு ஓடியவை பெரும்பாலும் பட்டறையில் மாற்றிச் செதுக்கிய அம்பாசடர்களும் ஃபியட்களும் ஹெரால்டுகளும்தாம். 1990 வாக்கில் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தளம் வந்ததும் சோழவரம் ஓய்ந்தது.

அதே காலத்தில் கோவையின் பஞ்சாலைக் குடும்பம் ஒன்றில் பிறந்த எஸ். கரிவரதன் வேறொரு வழியைக் கண்டார். மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, எல்லோருக்கும் ஒரே மாதிரியான சிறு பந்தய வண்டியை வடிவமைத்தார். வண்டி ஒன்றே என்பதால் ஓட்டுநரின் திறமை மட்டும் வெளிப்பட்டது. அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவைச் சிறுவன் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து பைக்கில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ஆக, நீதிக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. எல்லோர் கையிலும் ஒரே வண்டியைக் கொடுப்பது ஒன்று. அவரவர் வண்டியோடு வரச் சொல்லி, தகுந்த பிரிவில் நிறுத்துவது மற்றொன்று. முதலாவது ஓட்டுநரை வளர்க்கும். கரிவரதனின் வழி அதை ஐயமற நிறுவியது. இரண்டாவது பட்டறைக்காரனை வளர்க்கும். முதல் வழியில் எஞ்சினுக்கு முத்திரை வைத்துவிடுவார்கள்; கைவைத்தால் குற்றம். நாம் முதல் வழியில் நெடுந்தூரம் வந்துவிட்டோம். இரண்டாவதைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம். மோட்டாரும் பம்பும் கிரைண்டரும் செய்து பேர் வாங்கிய கோவை வட்டாரத்தில், லேத்துக்கும் வார்ப்புக்கும் பஞ்சமில்லாத மண்ணில், இந்த மறதி வியப்பாக இருக்கிறது.

இங்கே எங்கள் தறிக்கார நண்பர் குறுக்கிட்டார். “தனிப்பிரிவு குடுத்தா மட்டும் நீதி நிக்குமாங்க? கைத்தறிக்குக் குடுத்தாங்களே, என்னாச்சு?”

அவர் சுட்டியது 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தை. கைத்தறிக்கென்று 22 வகைத் துணிகளை அச்சட்டம் ஒதுக்கியது. உச்ச நீதிமன்றம் 1993-ல் அதைச் செல்லும் என்றது. பிற்பாடு அப்பட்டியல் 11 வகையாகச் சுருங்கியது. அந்த ஒதுக்கீட்டை மீறி விசைத்தறியில் நெய்ததே இல்லை என்று எந்த விசைத்தறி வட்டாரமும் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல இயலாது. இன்று அதே விசைத்தறிக்காரன், நாடா இல்லாமல் காற்றால் ஊடையைச் செலுத்தும் தறிகளோடு ஒரே களத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறான். கூலி உயர்வுக்கு ஒவ்வொரு முறையும் தறியை நிறுத்திப் போராடுகிறான். நேற்று சிறியவனின் பிரிவுக்குள் புகுந்தவன் இன்று தனக்கொரு பிரிவு கேட்கிறான். நண்பரின் கேள்விக்கு எங்களிடம் முழு விடை இல்லை. ஆயினும் ஒன்று தெளிவு. பிரிவு முறை தோற்பது, அளப்பவன் இல்லாதபோது. பந்தயத் தளத்தில் எடைமேடை உண்டு. வென்ற வண்டியின் எஞ்சினைப் பிரித்து அளக்கும் வழக்கம் உண்டு. ரேக்ளாவில் பல் பார்க்கும் பெரியவர் உண்டு. சட்டம் எழுதிய பிறகு அளப்பதை விட்டுவிட்டு, பிரிவே வீண் என்பது சரியாகாது.

இவ்வளவையும் நாங்கள் பழம்பெருமைக்காக எழுதவில்லை. அந்தப் பையனின் தோழர்கள் இரவு பத்து மணிக்குமேல் நெடுஞ்சாலைக்குப் போகிறார்கள். எதற்கென்று ஊருக்கே தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு சாலையில் பந்தயம் விடுவதைத் தண்டிக்கிறது; 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கே மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இரண்டும் தேவையான சட்டங்கள். பால்காரரும் ஷிப்டு முடிந்து வரும் பெண்களும் செல்லும் சாலை எவருக்கும் பந்தயக் களமாகக் கூடாது. ஆனால் தண்டனை மட்டும் இருந்து களம் இல்லையென்றால், பையன்கள் இருட்டைத் தேடுவார்கள். பைக்கை முறுக்கிச் செத்த பிள்ளையின் வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்த வீட்டில் சொல்வதற்குச் சொல் எதுவும் கிடைப்பதில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் போட்டி நடந்திருக்கிறது. அதில் கொள்ளளவு வாரியாகவும், இரண்டு ஸ்ட்ரோக்கிற்குத் தனியாகவும் பிரிவுகள் உண்டு. 1996-ல் உற்பத்தி நின்ற ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளின் நுட்பம் இன்னும் பட்டறைகளில் உயிரோடிருப்பதற்கு அத்தகைய பிரிவுகளும் ஒரு காரணம் என்பது எங்கள் துணிபு. ஆனால் அது ஆண்டுக்கு ஓரிரு முறை, உரிமம் பெற்றவர்களுக்கு, தொலைவில் நடப்பது. எங்கள் வேண்டுகோள் சிறியது: செட்டிபாளையத்திலோ, தகுதியான வேறொரு மூடிய தளத்திலோ, மாதம் ஒரு நாள், 201 மீட்டர். தலைக்கவசம், ஆம்புலன்ஸ், நின்று அடங்கப் போதுமான தூரம் ஆகியவை கட்டாயம். நுழைவுக் கட்டணம் ஒரு தறிக்காரர் மகனுக்குக் கட்டுபடியாக வேண்டும். பிரிவுகள் நம் மண்ணின் வண்டிகளுக்கு ஏற்ப அமைய வேண்டும்: இரண்டு ஸ்ட்ரோக், நூறு சிசி, பழைய புல்லட், டீசல் வேன்.

லாரிக்கும் ஒரு பிரிவு வேண்டும் என்று நாங்கள் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு. 2014 முதல் சில ஆண்டுகள் டெல்லி அருகே புத் பன்னாட்டுத் தளத்தில் டாட்டா நிறுவனம் லாரிப் பந்தயம் நடத்தியது. ஓடியவற்றில் இருந்தவை கம்மின்ஸ் ஆறு சிலிண்டர்கள். முதலில் வெளிநாட்டு ஓட்டுநர்களை வைத்து நடத்தி, 2016-ல் நம் நாட்டு லாரி ஓட்டுநர்களையே பயிற்றுவித்துக் களமிறக்கினார்கள். நெடுஞ்சாலையில் எல்லோரும் ஒலி எழுப்பி விரட்டும் மனிதர், அன்று கைதட்டலுக்கு நடுவே வண்டியிலிருந்து இறங்கினார். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

காளைப் பந்தயத்துக்கு 2014-ல் தடை வந்தபோது, நம் மக்கள் வாதிட்டதன் சாரம் என்ன? பந்தயம் போனால் அந்த மாடும் போகும், மாடு வளர்க்கும் அறிவும் போகும் என்பதே. 2017-ல் மாநிலச் சட்டம் வந்தது. 2023-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. எந்திரத்துக்கு உயிரில்லை, அதன் பொருட்டு எவரும் கடற்கரையில் கூடப்போவதில்லை. ஆனால் எந்திரத்தைக் காதால் அறியும் மனிதருக்கு உயிருண்டு. கண்ணால் பாராமல் சிலிண்டரை எண்ணிய அந்தக் காது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. தறியையும் வயலையும் எழுதிய அளவுக்கு லாரிப் பட்டறையை நம் எழுத்து எழுதவில்லை என்ற கூச்சமும் எங்களுக்கு உண்டு. இக்கட்டுரை அதற்கான சிறு பரிகாரம் என்றும் கொள்ளலாம்.

சென்ற ஞாயிறு பையன் மறுபடி வந்தான். இம்முறை கைப்பேசியைக் காட்டவில்லை. பெரியவரின் பக்கத்தில் அமர்ந்து, அந்த வரிசையை ஒருமுறை சொல்லித் தரச் சொன்னான்.

“ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு. நீ சொல்லு பாக்கலாம்.”

பையன் சொன்னான். நான்காவதில் தடுமாறினான். அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.